லேப்டாப் தானாக அணைகிறது, மதர்போர்டு மாற்றச் சொல்கிறார்கள்: மாற்றுவதா, புதிது வாங்குவதா?

முழிப்பவன்:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொண்டு படியுங்கள். என்னிடம் இருப்பது 2017 கடைசியில் வாங்கிய லேப்டாப். இன்டெல் 7ஆம் தலைமுறை ஐ5 ப்ராசஸர், 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஒரு வருடமாகவே மந்தம்தான், ஆன் செய்துவிட்டுக் குளித்து முடித்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குப் பழகிவிட்டேன். இப்போது 2 மாதமாகப் புதுத் தொல்லை. வீடியோ அழைப்பில் 20 நிமிடம் பேசினால் போதும், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் பட்டென்று அணைந்துவிடுகிறது. உடனே பட்டனை அழுத்தினால் எழுவதில்லை, கொஞ்ச நேரம் விட்டு அழுத்தினால் எழுகிறது.

ஒரு கடையில் கொடுத்தேன். மறுநாள் ஃபோன் வந்தது, "மதர்போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று. அவர்கள் சொன்ன தொகை புது லேப்டாப் விலையில் கிட்டத்தட்ட பாதி. என்ன பழுது என்று கேட்டால் "பவர் செக்‌ஷன்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. பார்த்ததற்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்கி வந்துவிட்டேன்.

எனக்கு ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியும், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. வேலை என்று பார்த்தால் டைப்பிங், பிரவுசர், கணக்கு ஷீட், வீடியோ அழைப்பு. கேம் கிடையாது. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

புதுசே_மேல்:

7ஆம் தலைமுறையா? விண்டோஸ் 11 முறைப்படி 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும், விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. அதில் போய்ப் பணத்தைக் கொட்டாதீர்கள். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள், நிம்மதி.

திருகாணி:

மேலே சொன்னவர் சொன்ன தேதி சரி, தூக்கிப் போடச் சொன்னது அவசரம். அதைப் பிறகு பார்க்கலாம்.

போர்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வேலை கொடுத்தால் அணைவது, உடனே எழாமல் ஆறிய பிறகு எழுவது, இது இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் பார்ப்பது ஃபேனைத்தான். ப்ராசஸர் தன்னைத்தானே காத்துக்கொள்ளும். உங்கள் தலைமுறை இன்டெல் லேப்டாப் சிப்புகளுக்கு வரம்பு பெரும்பாலும் 100 டிகிரி செல்சியஸ். அதை நெருங்கினால் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், அப்படியும் அடங்காவிட்டால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். 8 வருடம் ஓடிய லேப்டாப்பில் ஃபேனுக்கும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் பட்டைகளுக்கும் நடுவே தூசி கம்பளம் மாதிரி படிந்து கிடக்கும், ப்ராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையில் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். இரண்டுமே அநேகமாகச் செலவே இல்லாத வேலை.

ஆனால் நான் சொன்னேன் என்பதற்காக உடனே பிரிக்காதீர்கள், எதையும் வாங்கவும் வாங்காதீர்கள். ரிப்பேரில் நான் இழந்த பணமெல்லாம் நன்றாக இருந்த பாகத்தை மாற்றியதில் போனதுதான். ஒருமுறை ஸ்கிரீன் இருட்டாகிவிட்டது என்று புதுப் பேனல் வாங்கி மாட்டினேன், அப்போதும் இருட்டு. கடைசியில் பார்த்தால் கீலுக்குள் ஓடும் கேபிள் நைந்திருந்தது. விற்றவர் பேனலைத் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார், இன்னும் அலமாரியில் தூங்குகிறது. வெளி மானிட்டரை மாட்டிப் படம் வருகிறதா என்று பார்த்திருக்க வேண்டும், ஸ்கிரீனை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்து ஏதாவது ஒரு கோணத்தில் படம் எட்டிப் பார்க்கிறதா என்று கவனித்திருக்க வேண்டும், டார்ச் அடித்து மங்கலாகவாவது எழுத்து தெரிகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். மூன்றுக்கும் சேர்த்து 5 நிமிடம். செய்யவில்லை.

உங்களுக்கு ஒரு மாலை நேரம் போதும். எச்டபிள்யூஇன்ஃபோ என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு நீளமான வீடியோவை ஓடவிடுங்கள், அணையும் முன் ப்ராசஸர் எத்தனை டிகிரி காட்டியது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஃபேன் வாயில் கையை வைத்துப் பாருங்கள், காற்று வருகிறதா, வந்தால் சூடாக வருகிறதா. ஃபேன் கத்துகிறது, ஆனால் காற்று வரவில்லை என்றால் அடைப்பு.

அடுத்து டிஸ்க். மந்தத்துக்கு அதுதான் காரணம் என்று எனக்குச் சந்தேகம். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும், அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். 05 என்பது டிஸ்க் ஏற்கெனவே கைவிட்டு வேறு இடத்துக்கு மாற்றிய செக்டர்கள் (தகவல் எழுதும் சின்னச் சின்னக் கட்டங்கள்), சி5 என்பது படிக்க முடியாமல் முடிவு தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பவை, சி6 என்பது திருத்த முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. அந்த எண்கள் முதலில் ஹெக்ஸில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் காட்டும், 10 என்று இருந்தால் அது 16. இதில் ஏதாவது ஏறியிருந்தால் வேறெந்தச் சோதனையும் ஓட்டாமல் முதலில் உங்கள் கோப்புகளை வெளியே எடுங்கள். சாகிற டிஸ்க்கை மணிக்கணக்கில் ஸ்கேன் செய்வது கிழவரை ஓடவிட்டு மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

கடைசியாக, ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு அதிலிருந்தே லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள், இன்ஸ்டால் செய்ய வேண்டாம். அப்போது ஹார்டு டிஸ்க்குக்கு வேலையே இல்லை. சுறுசுறுப்பாக ஓடினால் மந்தம் டிஸ்க்கால். அப்படி ஓடும்போதும் அணைந்தால், அணைவதற்குக் காரணம் டிஸ்க்கும் இல்லை, விண்டோஸும் இல்லை. இரண்டு நோயை ஒன்று என்று நினைத்துத்தான் பலர் முழு லேப்டாப்பையும் கைகழுவுகிறார்கள்.

ராத்திரி தூங்கப் போகும்போது, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓடவிட்டுவிட்டுப் போங்கள். காலையில் ஒரு பிழை வந்திருந்தாலும் அது பிழைதான், "ஒண்ணுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

முழிப்பவன்:

செய்துவிட்டேன். விடுமுறை நாள் முழுக்க அதிலேயே போனது, ஆனால் சுவாரஸ்யமாக இருந்தது.

சூடு: வீடியோ ஓட ஆரம்பித்த 15ஆம் நிமிடத்தில் 99. அப்புறம் ஸ்கிரீன் கறுப்பு. ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி கத்தியது, வாயில் கையை வைத்தால் காற்று வருகிற உணர்வே இல்லை.

டிஸ்க்: மஞ்சள் எச்சரிக்கை. 05இல் 1ஏ0, சி5இல் 38. நீங்கள் சொன்ன ஹெக்ஸ் கணக்குப்படி 416, 56. வயிறு கலங்கிவிட்டது, உடனே படங்களையும் வேலைக் கோப்புகளையும் வெளி டிஸ்க்கில் போட்டேன். ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் வரமாட்டேன் என்கிறது, பாதியில் நின்று நின்று போகிறது.

லினக்ஸ் மின்ட்: நம்பவே முடியவில்லை, பென் டிரைவிலிருந்து ஓடுவது என் விண்டோஸை விட வேகம். ஆனால் வீடியோ போட்டதும் அதே கதை, அணைந்தது. மெம்டெஸ்ட் ராத்திரி முழுக்க ஓடியது, பிழை இல்லை. அணையவும் இல்லை.

பேட்டரியையும் பார்த்தேன். விண்டோஸிலேயே பேட்டரி ரிப்போர்ட் எடுக்கும் கட்டளை இருக்கிறது என்று எங்கோ படித்தேன். புதிதாக இருந்தபோது 41,040 மில்லிவாட் மணி, இப்போது முழு சார்ஜில் 17,200. மாற்ற வேண்டுமா?

பட்டறைக்காரன்:

நான் 14 வருடமாக இதே வேலை செய்கிறவன், அதனால் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

உங்களுக்கு "மதர்போர்டு" என்று சொன்னது ஏமாற்றாகவும் இருக்கலாம், சோம்பலாகவும் இருக்கலாம். சோம்பல்தான் அதிகம் நடக்கும். ஒரு போர்டில் எந்த ஐசி, எந்த கெப்பாசிட்டர் ஷார்ட் என்று தேடிக் கண்டுபிடிக்க மல்டிமீட்டரோடு சில மணி நேரம் உட்கார வேண்டும், சர்க்யூட் வரைபடம் வேண்டும், கடைசியில் சரியாகாமலும் போகலாம். முழு போர்டை மாற்றுவது அரை நாள் வேலை, லாபமும் நிச்சயம், போர்டு கொடுத்தவரே உத்தரவாதமும் தருவார். எந்தப் பக்கம் மனசு சாயும் என்று நீங்களே யோசியுங்கள். அதனால் போர்டு என்று சொன்னால் "சிப் லெவல் சர்வீஸ் செய்வீர்களா, இல்லை போர்டு மாற்ற மட்டும்தானா" என்று கேளுங்கள். செய்கிறவர் வேறு, செய்யாதவர் வேறு. சிப் லெவல் செய்கிற இடத்தில் ஒரு சிறு கெப்பாசிட்டரை எடுத்துப் போட்டு முடித்த போர்டுகள் என் கையிலேயே ஏராளம்.

அடுத்து கேட்க வேண்டியது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று. "இந்த லைனில் 3.3 வோல்ட் வரணும், வரலை" என்று ஒரு பதில் வந்தால் ஆள் பார்த்திருக்கிறார். "பவர் செக்‌ஷன்" என்று மட்டும் வந்தால் ஆன் பண்ணிப் பார்த்துவிட்டு மூடி வைத்திருக்கிறார். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஒழுங்கான கடையில் முகம் சுளிக்க மாட்டார்கள். பார்க்கும் கூலி எவ்வளவு, ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டால் அது கழியுமா, மாற்றும் பாகத்துக்கு எத்தனை நாள் உத்தரவாதம், இது எல்லாவற்றையும் லேப்டாப்பைக் கையில் கொடுக்கும் முன் கேட்க வேண்டும். கொடுத்த பிறகு கேட்டால் பேரம் பேசும் இடத்தில் நீங்கள் இல்லை.

கொடுக்கும் முன் உங்கள் ராம், டிஸ்க் இரண்டின் ஸ்டிக்கரையும் சீரியல் நம்பர் தெரிய ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்தத் தொழிலைப் பற்றி இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் 8 ஜிபி உள்ளே போய் 4 ஜிபி வெளியே வந்த கதைகள் எனக்குத் தெரியும். பாஸ்வேர்டைக் காகிதத்தில் எழுதி ஒட்டிக் கொடுக்காதீர்கள், சும்மா ஒரு புது யூசர் கணக்கு உருவாக்கிக் கொடுங்கள், சோதிக்க அது போதும். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்பு எண்ணை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போர்டு மாற்றினால் கட்டாயம் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்கும், அது இல்லாவிட்டால் டிஸ்க் நன்றாக இருந்தும் உள்ளே இருப்பது போனது போனதுதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 99 டிகிரி, காற்று இல்லை. திருகாணி சொன்னதுதான். ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் ஓடி அணையவில்லை என்பதே போர்டின் பவர் பகுதிக்கு ஒரு நற்சான்று. நூற்றுக்கு நூறு என்று சொல்ல மாட்டேன், முதலில் சுத்தம் செய்யுங்கள், அதற்குப் பிறகும் அணைந்தால் போர்டைப் பற்றிப் பேசலாம். நீங்களே பிரிக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வேண்டுகோள்: பாதியில் சிக்கினால் எல்லாவற்றையும் பையில் கொட்டிக்கொண்டு எங்களிடம் வராதீர்கள். அது இரட்டை வேலை, கூலியும் இரட்டிப்பு.

வராத அந்த ஃபோல்டருக்கு விண்டோஸில் காப்பி போட்டுப் போராட வேண்டாம். லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்று ஒன்று உண்டு, அது டிஸ்க்கை அப்படியே படி எடுக்கும்போது படிக்க முடியாத இடங்களைத் தாண்டிப் போய், எளிதாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிட்டு, பிறகு சிக்கலான இடங்களுக்குத் திரும்பி வரும். டிஸ்க்கிலிருந்து கட் கட் என்று சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம், உடனே நிறுத்திவிடுங்கள்.

பாகம்_வேட்டை:

பாகம் வாங்குவதைப் பற்றி நான் சொல்கிறேன், இதில் பட்ட அடி நிறைய.

மாடல் பெயரை வைத்து வாங்காதீர்கள். ஒரே பெயரில் நாலைந்து வகை வரும். உங்கள் லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கும். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் பல வருடமாகப் போட்டு வருகின்றன, பிரிக்கும் வரிசை, ஸ்க்ரூவின் நீளம், பாக எண் எல்லாம் அதில் இருக்கும். பாக எண்ணை எடுத்து அதை அப்படியே தேடினால் விலை சட்டென்று இறங்கும். "இந்த மாடல் கீபோர்டு" என்று தேடுவதற்கும் எண்ணைப் போட்டுத் தேடுவதற்கும் உள்ள வித்தியாசம் சில சமயம் பாதிக்குப் பாதி. பேனல் என்றால் கழற்றிப் பின்னால் ஒட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள், 30 பின்னா 40 பின்னா என்பதையும் பாருங்கள், படத்தைப் பார்த்து வாங்கினால் கனெக்டர் சேராது.

எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் எழுதும் டிஸ்க்: உங்கள் வயது லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா (பழைய வகை இணைப்பு) டிஸ்க் இருக்கும், அதே இடத்தில் சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். சாட்டாவின் உச்சமே நொடிக்கு 550 எம்பி சுற்றளவுதான், என்விஎம்இ என்ற புது வகை எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு என்று விளம்பரம் சொல்லும், உண்மைதான், ஆனால் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு இரண்டுமே மின்னல். குச்சி மாதிரி எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 துளை இருக்கிறது என்று குதித்துவிடாதீர்கள். நான் குதித்தேன். சில லேப்டாப்பில் அந்தத் துளை சாட்டாவுக்கு மட்டும், என்விஎம்இ போட்டால் கண்டுகொள்ளவே கொள்ளாது. என் தம்பியின் லேப்டாப்புக்கு வாங்கியதை அப்படித்தான் இன்னொருவருக்கு நஷ்டத்தில் விற்றேன். மேனுவலில் ஒரு வரி எழுதியிருந்தது, பார்க்காதது என் குற்றம்.

ராம்: 7ஆம் தலைமுறை என்றால் அநேகமாக டிடிஆர்4 வகை, ஆனால் திறந்து ஸ்டிக்கரைப் பார்த்த பிறகு வாங்குங்கள். டிடிஆர்3க்கும் 4க்கும் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், அழுத்தினாலும் போகாது, போகவில்லை என்று சுத்தியல் எடுக்காதீர்கள். ஒரு துளை காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி, முடிந்தால் 8 ஜிபி. 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்காக மெமரிச் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் ராம் விலை கண்ணா பின்னா என்று ஏறிவிட்டது, எனவே பழையது வாங்கத் தயங்க வேண்டாம். ராமில் தேய்கிற பாகம் எதுவும் இல்லை. வாங்கிய அன்றே மெம்டெஸ்ட் ஓட்டுங்கள், பிழை வந்தால் திருப்பிக் கொடுக்கலாம் என்று பேசி வாங்குங்கள்.

பழையது வாங்கவே கூடாதது பேட்டரி. கடை அலமாரியில் சும்மா கிடந்தாலும் லித்தியம் பேட்டரி வயதாகிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் கணக்குப்படி 42 சதவீதம்தான் மிச்சம், ஆனால் லேப்டாப் எப்போதும் சார்ஜரிலேயே இருக்கிறது என்றால் அவசரம் இல்லை, பிறகு வாங்கலாம். உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளிப் போடக்கூடாது. டச்பேட் மேலே எழும்பி நிற்கிறதா, கீழ்மூடி சரியாக உட்காராமல் மேசையில் ஆடுகிறதா என்று பாருங்கள். உப்பிய பேட்டரியை அமுக்கக்கூடாது, குத்தக்கூடாது. வாங்கும்போது வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கிப் பாருங்கள், 11.4 வோல்ட் 3.6 ஆம்பியர் மணி என்றால் 41 வாட் மணி. அதே அளவு டப்பாவில் 80 என்று அச்சடித்திருந்தால் அது ஸ்டிக்கரின் திறமை.

"புதியது" என்று வருவதையும் சோதியுங்கள். நான் வாங்கிய "புது" எஸ்எஸ்டியை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தால் 6,000 மணி நேரம் ஓடியிருந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன், சத்தமே இல்லாமல் பணம் திரும்பி வந்தது. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருக்கும் 2 டிபி, 4 டிபி டிரைவ்களில் இன்னொரு மோசடி, உள்ளே இருப்பது சின்ன சிப், வெளியே காட்டுவது மட்டும் பெரிசு. எச்2டெஸ்ட்டபிள்யூ ஓட்டினால் முழுவதும் எழுதித் திரும்பப் படித்துப் பார்த்துக் குட்டை உடைத்துவிடும்.

ஒன்று மறந்தேன், சார்ஜர். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும், ஆம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். 19.5 வோல்ட் 3.34 ஆம்பியர் என்றால் 65 வாட், அந்த லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜரை மாட்டிவிட்டு "மந்தமாக இருக்கிறது, சார்ஜ் ஏறவில்லை" என்று போர்டு ரிப்பேருக்கு அலைந்த ஆளை எனக்குத் தெரியும். நான்தான் அது.

திருகாணி:

விண்டோஸுக்குக் கடையில் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் லேப்டாப் வாங்கும்போதே விண்டோஸோடு வந்தது என்றால் அதன் உரிம எண் போர்டில் இருக்கும் பயாஸ் மென்பொருளிலேயே பதிந்திருக்கும், மைக்ரோசாஃப்ட் தளத்தின் மீடியா கிரியேஷன் கருவியை வைத்து ஒரு 8 ஜிபி பென் டிரைவ் தயார் செய்து அதே பதிப்பை நிறுவினால் இணையம் வந்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் விண்டோஸ் 10க்கே திரும்ப வேண்டுமா என்று யோசியுங்கள். நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்தாலும் வீட்டுப் பயனருக்கு அது 2026 அக்டோபர் 13 வரைதான் என்று அறிவித்தார்கள். நீங்கள் சொன்ன வேலைகளுக்கு மின்ட் தாராளம், நீங்களே ஓட்டிப் பார்த்துவிட்டீர்கள்.

பிரிக்கும்போது: சார்ஜரை எடுத்து, அணைத்து, மூடியைத் திறந்ததும் முதலில் பேட்டரி கனெக்டரைக் கழற்றுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு அட்டையில் லேப்டாப்பின் கீழ்ப்பக்கத்தைக் கிறுக்கலாக வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்திலேயே குத்தி வையுங்கள். சின்ன ஸ்க்ரூ இருந்த துளையில் நீளமானதைப் போட்டு முறுக்கினால் மறுபக்கம் போர்டையோ மேல்மூடியையோ துளைத்துவிடும், அப்போது நிஜமாகவே மதர்போர்டு மாற்ற வேண்டியதுதான். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்ற விட்டால் பேரிங் போகும். தெர்மல் பேஸ்ட் ஒரு மிளகு அளவு போதும், வெண்ணெய் மாதிரித் தடவ வேண்டாம். ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களுக்குப் பக்கத்தில் பெரும்பாலும் 1, 2, 3 என்று எண் இருக்கும், அந்த வரிசையிலேயே முறுக்குங்கள்.

முழிப்பவன்:

11 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், பாகங்கள் வரத் தாமதம்.

பிரித்தேன். ஃபேனுக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவில் இருந்ததைத் தூசி என்று சொல்ல மாட்டேன், அப்படியே ஒரு துண்டாக உரிந்து வந்தது, பழைய பனியனில் கிழித்த பட்டை மாதிரி. பேஸ்ட் சுரண்டினால் உதிர்ந்தது. சுத்தம் செய்து, புது பேஸ்ட் போட்டு, 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி மாட்டி, பழைய 4 ஜிபி ராம் ஒன்று வாங்கிக் காலித் துளையில் போட்டு மூடினேன். ஆன் செய்தால் எல்லாம் வருகிறது, கீபோர்டு மட்டும் செத்துவிட்டது. தலைவலி போய்த் திருகுவலி வந்ததே என்று அரை மணி நேரம் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். அப்புறம் திரும்பத் திறந்து பார்த்தால், கீபோர்டின் ரிப்பன் கேபிளைச் செருகினேனே தவிர, அதைப் பிடித்துக்கொள்ளும் அந்தக் கறுப்புத் தாழ்ப்பாளை மூடவே இல்லை. மூடினேன், உயிர் வந்தது.

இப்போது மின்ட்தான். ஆன் ஆக 20 நொடி கூட ஆவதில்லை. நேற்று ஒன்றே கால் மணி நேர வீடியோ அழைப்பு, உச்சமாக 78 டிகிரி, அணையவில்லை. மொத்தச் செலவு அந்தக் கடையில் மதர்போர்டுக்குக் கேட்டதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. டிடிரெஸ்கியூவில் அந்த ஃபோல்டரும் வந்துவிட்டது, 3 படங்கள் மட்டும் பாதி சாம்பல் நிறம். பேட்டரியை இப்போதைக்கு விட்டுவிட்டேன், உப்பவில்லை.

இரண்டு கேள்வி மிச்சம். பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா? இன்னொன்று, ஒரு ஸ்க்ரூ மீந்துவிட்டது.

பட்டறைக்காரன்:

சி5இல் 56 இருக்கிற டிஸ்க்கில் பேக்கப்பா? அதைத் திறந்து உள்ளே இருக்கும் காந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள், சிந்திய ஸ்க்ரூவைப் பொறுக்க அதைவிட நல்லது கிடைக்காது. தட்டைக் கீறிவிட்டு மின்கழிவில் போடுங்கள், உங்கள் படங்கள் அதில்தான் இருக்கின்றன, அப்படியே குப்பையில் வீச வேண்டாம். பேக்கப்புக்கு என்று வேறு ஒரு டிஸ்க் வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்க்ரூ: கீழ்மூடியைத் திருப்பி நடுப்பகுதியில் ஏதாவது ஒரு துளைக்குப் பக்கத்தில் சின்னதாகக் கீபோர்டு படம் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள்.

முழிப்பவன்:

இருக்கிறது! துளை காலி. டச்பேடுக்கு மேலே தட்டும்போது கீபோர்டு லேசாகத் துள்ளுவது இதனால்தானா... போட்டுவிட்டேன், துள்ளவில்லை.